பழைய றோவரும் நானும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருந்தகைகளின் தொண்டினையும் எழுதுதற்கு என்னிற் சிறந்தோர் பலர் உளர் எனக் கூறி ஒதுங்கிக்கொள்ள முயன்றேன். "அப்படியென்றால் ஐயா, உங்கள் காரைப் பற்றி எழுதுங்களேன்" என்றார் குழுவிலிருந்த இளைஞர் ஒருவர். வேடிக்கையாகச் சொன்னாரோ, மெய்யாகவே கேட்டாரோ அறியேன். ஆயினும் நாற்பது ஆண்டுகளாக ஒரு பழைய காரின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு சிந்தித்த செய்திகள் சில என்னிடம் உண்டு. அவற்றுட் சில நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திற் கற்றவற்றோடு தொடர்புடையனவும் ஆம். ஆதலின் எழுதத் துணிந்தேன்.

கார் றோவர் 90 என்னும் வகையைச் சேர்ந்தது. 1955ஆம் ஆண்டு என் பெரியப்பா அதனைக் கொழும்பில் வாங்கினார். அவர் அப்புக்காத்து. நீதிமன்றத்துக்குச் செல்வதற்கும், திருவிழாக் காலங்களிற் குடும்பத்தாரை நல்லூருக்கு அழைத்துச் செல்வதற்கும் அதுவே வாகனம். அந்நாளில் எமது வீதிகளில் ஓஸ்ரின், மொறிஸ் கார்களே மிகுதி. றோவர் வைத்திருப்பவர் ஊரில் ஒரு படி உயர்ந்தவராகவே கருதப்பட்டார். அதன் பின்கதவுகள் பின்புறத்திற் கீல் பூட்டப்பட்டு, முன்புறமிருந்து திறப்பன. கூறைச்சேலை உடுத்த மணமகள் எவ்வித இடருமின்றி ஏறி இறங்கலாம். அக்காரணத்தால் அயலிலுள்ள கலியாணங்கள் யாவற்றுக்கும் அக்கார் இரவலாகப் போயிற்று. பெரியப்பா காலமானபின், 1984 இல், கார் என்னிடம் வந்தது. அவருக்குச் சாரதி இருந்தார், எனக்கு இல்லை. அவருக்குச் சாரதி செய்த பணிகளை நான் என் கையாலேயே செய்யலானேன்.

றோவர் என்னும் பெயர் முதலில் ஒரு காருக்கு இடப்பட்டதன்று. 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் அமைத்த துவிச்சக்கரவண்டியின் பெயரே அது. முன்சில்லு ஆளுயரமாகவும் பின்சில்லு மிகச் சிறிதாகவும் இருந்த வண்டிகள் ஓடிய காலத்தில், இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், சங்கிலியாற் பின்சில்லை இயக்கும் வண்டியை அவர் வெளியிட்டார். இன்று நம் மாணவர் கல்லூரிக்கு ஓட்டிவரும் துவிச்சக்கரவண்டி அதன் வழித்தோன்றலே. போலந்து மொழியில் துவிச்சக்கரவண்டிக்கு இன்றும் அப்பெயரின் திரிபே வழங்குகின்றது. துவிச்சக்கரவண்டியையே உயிர்த்துணையாகக் கொண்ட யாழ்ப்பாணத்தவர்க்கு இச்செய்தி இனிக்கும் என்பதனால் ஈண்டுக் குறிப்பிட்டேன். அக்கம்பனியின் வழிவந்த நிறுவனம் 2005 இல் வீழ்ந்தது. எனவே, என் காரைச் செய்தவரிடம் சென்று முறையிடும் வாய்ப்பு எனக்கு இல்லை.

எனது காரின் வகை 1949 முதல் 1964 வரை சொலிகல் என்னுமிடத்திற் செய்யப்பட்டது. உலகப் போரின் பின்னர் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது. அதனால் கதவுகளையும், எஞ்சின் மூடியையும், பின்பெட்டி மூடியையும் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தனர். 1948 இல் வெளிவந்த லாண்ட் றோவரின் உடலும் அவ்வுலோகமே. தட்டுப்பாட்டினால் நேர்ந்த இம்மாற்றம் எமது உப்புக்காற்றுக்கு ஏற்றதாக அமைந்தது, கதவுகள் துருவேறுவதில்லை. ஆனால் அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடுமிடத்தில் உப்பீரம் சேருமாயின், அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். கீல்களின் ஓரத்தை ஆண்டுதோறும் துடைத்து, மெழுகு பூசி, நீர் தங்காமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அடிச்சட்டம் முழுவதும் உருக்கு. அதன் கதை வேறு. எழுதப் புகின் மலரிற் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆடம்பரக் கார் என்றவுடன் பளபளப்பையும் வேகத்தையும் எதிர்பார்ப்போர்க்கு இக்கார் ஏமாற்றம் அளிக்கும். வால்நற் மரப்பலகையும் தோலிருக்கையும் உண்டு என்பது உண்மையே. ஆனால் அதன் உண்மையான ஆடம்பரம் அமைதி. ஆறு சிலிண்டரும் 2,638 கனசென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய அதன் எஞ்சினில், உட்செல் வால்வுகள் தலைக்கு மேலும் வெளிச்செல் வால்வுகள் பக்கத்திலுமாக ஒரு விசித்திரமான அமைப்பு உள்ளது. செவ்வையாக இருக்கும்போது, அது நின்றவிடத்தில் ஓடுகின்றதா என்பதை அறிய மூடியின் மேற் கைவைத்துப் பார்க்கவேண்டும். அத்தகைய அமைதியைப் பழகிய செவிக்குச் சிறு ஒலி வேறுபாடும் உடனே புலப்படும். பழுதுபார்ப்போனின் முதற் கருவி செவி என்பதனை எனக்கு உணர்த்தியது இக்காரே.

இரண்டாவது கருவியும் காரிலேயே இருந்தது. முகப்புப் பலகையின் கீழே ஓர் இழுப்பறை. அதனை இழுத்தால், மெத்தையிற் படுத்த குழந்தைகள்போல, இறப்பர்த் தட்டில் வெட்டிய குழிகளிற் சாவிகளும் திருப்புளியும் குறடும் தத்தம் இடத்திற் கிடக்கும். பெரியப்பா அதனைத் திறந்ததை நான் கண்டதில்லை. எனினும், அப்புக்காத்தர் ஏறும் காருக்கும் அதனைத் திருத்தும் கருவிகளை அவர் முழங்காலுக்கு எதிரே வைத்த அவ்வுற்பத்தியாளரின் உள்ளத்தை நான் மதிக்கின்றேன். ஒரு பொத்தானை அழுத்தினால் பெற்றோல் மானியே எஞ்சின் எண்ணெயின் மட்டத்தையும் காட்டும். இன்றைய விலையுயர்ந்த கார்களில் எஞ்சினை ஒரு கரிய மூடியால் மறைத்துவிடுகின்றனர். உரியவன் பார்க்கவே வேண்டியதில்லை என்பது அவர்களின் கருத்துப் போலும்.

காபிரேற்றரைச் சீர்செய்வது இக்காரின் வேலைகளுள் எனக்கு மிக விருப்பமானது. எஸ்.யூ. வகைக் காபிரேற்றரில் ஒரு சிறு பிஸ்ரன், எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப ஏறியிறங்கி, ஓர் ஊசியைத் துளையில் உயர்த்தித் தாழ்த்தும். எஞ்சினைச் சூடாக்கி, மெல்ல ஓடவிட்டு, அப்பிஸ்ரனை ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்களவு உயர்த்துக. எஞ்சின் வேகம் கூடி அவ்வாறே நின்றால் பெற்றோல் மிகுதி. தள்ளாடி நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. சற்றே கூடிப் பின் தன் நிலைக்கு வந்தால் அளவு சரி. பிஸ்ரனின் மேலுள்ள குழாயில் மெல்லிய எண்ணெய் விடவேண்டும். அதனை மறந்தோரே பலர். இவ்வேலைக்கு மின்னியற் கருவி எதுவும் வேண்டியதில்லை. காலைப் பொழுதும், அயலவர் வானொலியை நிறுத்தும் தயவும் போதும்.

நிற்க. இக்காரில் மற்றொரு விசித்திரம் பிறீவீல். துவிச்சக்கரவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு உருளுமன்றோ, அவ்வாறே இக்காரிலும் காலை எடுத்தவுடன் எஞ்சின் அடங்க, கார் தானாக வழுக்கிச் செல்லும். கிளச் மிதியாமலே கியர் மாற்றலாம், பெற்றோலும் மிஞ்சும். முகப்பிலுள்ள ஒரு குமிழைத் திருகி இதனைப் பூட்டவோ திறக்கவோ இயலும். மேடுபள்ளமற்ற எமது குடாநாட்டுக்கு இது வெகு பொருத்தம். ஆயினும் இரு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். பிறீவீல் திறந்திருக்கையில், காரைத் தள்ளி எஞ்சினை இயக்க முடியாது. சில்லு எஞ்சினைச் சுழற்றாது. ஊரார் பத்துப்பேர் வியர்க்க வியர்க்கத் தள்ளுவர்; கார் மௌனம் சாதிக்கும். மற்றது, இறக்கத்தில் எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தாது. ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடையையும் பிறேக் ஒன்றே தாங்கவேண்டும். இவ்விரண்டாவது செய்தியின் கனம் எனக்குப் பின்னர்ப் புலனாயிற்று. அதற்குமுன் மண்ணெண்ணெய்க் காலத்தைச் சொல்லவேண்டும்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஒளித்து மறைத்து வந்த சிறிதளவு பெற்றோல் வாசனைத் திரவியம்போல் விற்கப்பட்டது. மண்ணெண்ணெய் அளவாகக் கிடைத்தது. எமது மெக்கானிக்மார் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர். அஃது எவ்வாறு இயன்றது என்று இன்றைய மாணவர் வினவுவதுண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது; மிகுதியாக அமுக்கினால் தீப்பொறிக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டும். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு அண்மையானது. ஆதலின், தீப்பொறியைச் சற்றே பிந்தவைத்து, எஞ்சினை நன்கு சூடாக்கினால் அவை ஒருவாறு இணங்கும். புதிய கார்களோ இணங்கா. புதியவை கொட்டிலில் உறங்க, கிழட்டு ஓஸ்ரின்கள் நோயாளரை ஏற்றி ஓடின.

எனது காருக்கு இவ்வேலையைச் செய்தவர் எமது அயலிலே சிறு கராஜ் வைத்திருந்த ஒருவர். என்னிலும் பத்து வயது மூத்தவர்; நான் அண்ணை என்பேன், அவர் தம்பி என்பார். எஞ்சினருகே ஒரு சிறு தகரப் பேணியைப் பூட்டி அதிற் பெற்றோலும், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெயுமாக, இருவழிக் குழாய்த்திருகு ஒன்றை அமைத்தார். பெற்றோலில் எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வீடு வருவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். இன்றேல் மறுநாட் காலை காபிரேற்றரில் மண்ணெண்ணெயே நிற்கும். பல ஆண்டுகளின் பின் ஒரு செய்தியை அறிந்து வியந்தேன். இங்கிலாந்திற் செய்த பேகுசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் இதே முறையிலேயே ஓடியது. அண்ணை அதனை எந்நூலிலும் படித்தவரல்லர். தேவை அவருக்குக் கற்பித்தது.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலையும் உண்டு. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து கீழுள்ள எண்ணெயிற் கலக்கும். எனவே எண்ணெய் மட்டம் குறைவதற்கு மாறாக ஏறும்! பொத்தானை அழுத்துந்தோறும் ஊசி மேலே மேலே சென்றது. கண்டோர், "எண்ணெயே குடிக்காத கார்" என்று புகழ்ந்தனர். அண்ணையோ எண்ணெயை இரு விரலிடையே தேய்த்து, முகர்ந்து, "தம்பி, உது எண்ணெயில்லை, தண்ணி. வடிச்சுப்போட்டு மாத்தும்" என்பார். மாற்றுதற்குப் புதிய எண்ணெய் எங்கே? வடித்ததைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, வெயிலில் வைத்து, கிடைத்த புதிய எண்ணெயோடு கலந்து ஊற்றுவோம். அக்காலத்தில் எதற்கும் பதிலாக ஒன்று இருந்தது. விசிறிப் பட்டி அறுந்தால் ரியூப் கீலம். ஒட்டுத்தாள் இல்லையேல் பழைய கலண்டர் மட்டை. பிறேக் சிலிண்டருக்குரிய கிண்ண வடிவான இறப்பர் வாசர்கள் நைந்தபோது, லொறி ஒன்றின் பெரிய வாசர்களைக் கூரிய கத்தியால் அரிந்து, கண்ணாடித்தாளில் உரைத்து, அளவாக்கிப் பூட்டினார் அண்ணை. அவர் கைத்திறனை நான் எத்துணை புகழ்ந்தாலும் தகும்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தமை இம்மலரைப் படிக்கும் பலருக்கு என்னிலும் நன்கு தெரியும். எங்கள் றோவரின் பின்னிருக்கையில் என் தாயாரும் அயலிலிருந்த இரு மூதாட்டியரும் அமர்ந்தனர். நாவற்குழி வழியே தென்மராட்சிக்குச் செல்லும் வீதியில் மனிதரும் மாடும் மிதிவண்டியும் நெருங்கி, நடைவேகத்திலும் குறைவாக நகர்ந்தனர். அவ்வேகத்தில் இறேடியேற்றருக்குக் காற்று இல்லை. மண்ணெண்ணெய்ச் சூடோ மிகுதி. நூறு யாருக்கு ஒருமுறை கொதித்தது. எஞ்சினை நிறுத்தினோம், தள்ளினோம், ஆறியபின் சற்றே ஓட்டினோம். அன்றிரவு கார் எங்களைச் சுமந்தது சிறிது. நாங்கள் அதனைச் சுமந்தது பெரிது. எனினும் நடக்கவியலாத மூவர் ஒரு கூரையின் கீழே இருந்தனர். மீசாலையில் உறவினர் வளவில் மாமரத்தின் கீழே கார் நின்றது. நாங்கள் 1996 இல் வீடு திரும்பினோம். கார் பின்னர்த் திரும்பியது. பற்றறியும் இரண்டு ரயரும் திரும்பவில்லை.

இறேடியேற்றர் அவ்வாறு கொதித்தமைக்கு மண்ணெண்ணெய் மட்டும் காரணமன்று என்பதனைப் பின்னர் அதனைக் கழற்றியபோது கண்டேன். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். எமது கிணற்றுநீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறம் வெண்படை படிவதை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். அதே படை இறேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும், எஞ்சினின் பின்கோடியிலுள்ள சிலிண்டரைச் சுற்றியும் படிகின்றது. வன்னீர் பற்றி வகுப்பிற் படித்தோமே, அப்பாடம் இதுதான். வலுக்குறைந்த சித்திரிக் அமிலக் கரைசலைச் சிலமுறை ஓடவிட்டு, நன்கு கழுவினேன்; நுரையோடு வெளிவந்த சுண்ணாம்பு ஒரு சிரட்டை இருக்கும். அன்று தொட்டு, கார்த்திகை மழையில் ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்துவைத்த நீரன்றிக் கிணற்றுநீர் அதனுட் செல்வதில்லை. துருத்தடுக்கும் திரவமும் அளவாகச் சேர்ப்பேன். யாழ்ப்பாணத்திற் பழைய கார் வைத்திருப்போர்க்கு நான் கூறக்கூடிய அறிவுரைகளுள் மலிவானதும் பயனுடையதும் இதுவே.

2002 இல் கண்டி வீதி திறந்தது. என் மகள் அப்போது பேராதனையிற் படித்துக்கொண்டிருந்தாள். மறு ஆண்டு, றோவரிலேயே சென்று அவளைப் பார்த்துவரலாம் என எண்ணினேன். வீட்டார் சிரித்தனர். நான் காரை மேலே தூக்கி, சில்லுகளைக் கழற்றினேன். எமது முற்றம் மணற்றரை ஆதலின் ஜக்கின் கீழே பனம்பலகை இடவேண்டும். தூக்கியபின் ஜக்கை நம்பி ஒருபோதும் கீழே செல்லலாகாது; அடிச்சட்டத்தின் கீழே திண்ணிய மரக்குற்றிகளை அடுக்கியபின்னரே செல்லவேண்டும். இவ்விடயத்தில் நான் என் மனைவியாரின் சொல்லைக் கடவுள் வாக்காகக் கொண்டுள்ளேன்.

பிறேக் சிலிண்டர்களைத் திறந்தபோது, அண்ணை அரிந்து பூட்டிய வாசர்கள் அவ்வாறே இருந்தன. பன்னிரண்டு ஆண்டளவாக ஓடியவை. ஒன்று மட்டும் சற்றே கசிந்திருந்தது. சிலிண்டரின் உட்சுவரில் நகத்தால் வருடினால் தட்டுப்படும் துருக்குழிகள் சில காணப்பட்டன. கராஜுக்குச் சென்று அவரை அழைத்துவந்து காட்டினேன்.

"இன்னும் ஒருக்கா அரிஞ்சு போட்டால் சரி தம்பி. பத்து வருசம் நிண்டு பிடிக்கும்" என்றார்.

"இல்லை அண்ணை. லண்டனிலையிருந்து புதுசு எடுப்பம்" என்றேன்.

அவர் முகம் மாறிற்று. "உங்களுக்கு என்ரை வேலையிலை நம்பிக்கை இல்லாமல் போச்சுதோ?" என்றார். 'நீர்' என்று பேசுபவர் 'நீங்கள்' என்றது எனக்கு உறைத்தது.

இவ்விடத்தில் என் கருத்தை விரித்துக் கூற விரும்புகின்றேன். இக்கட்டுரையை நான் எழுத ஒப்புக்கொண்டதும் இதன்பொருட்டே. பௌதிக வகுப்பிற் பாஸ்கலின் விதியைப் படித்தோம். அடைத்த திரவத்தில் ஓரிடத்திற் செலுத்தும் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். நான்கு சில்லுகளையும் ஒரு பாதத்தால் நிறுத்த இயல்வது இவ்விதியாலேயே. ஆனால் அவ்விதிக்கு மறுபுறமும் உண்டு. ஒரு சில்லின் வாசர் கிழிந்தால் அமுக்கம் முழுவதும் அவ்வழியே வெளியேறும். மற்றை மூன்றும் உடன் ஓயும். இக்காலக் கார்களில் இரு பிரிவான குழாய்கள் உள. 1955 இல் ஒன்றே. ஆகவே எனது காரில் நான்கு சில்லின் பிறேக்கும், மிக நைந்த ஒரு வாசரின் வலிமையே வலிமையாக உடையது. அதனோடு பிறீவீலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

1992 இல் எமது வீதியில் எதிரே வந்தவை துவிச்சக்கரவண்டிகள். நான் மணிக்குப் பதினைந்து மைல் வேகத்திற்குமேற் சென்றதில்லை. மண்ணெண்ணெய் அதற்கு விடுவதுமில்லை. பிறேக் ஓய்ந்திருப்பின் கைப்பிறேக்கும் ஒரு வேலியும் போதுமாயிருந்திருக்கும். அந்நிலையில் அரிந்த வாசர் சரியான பொருளே. அதுவன்றி வேறு செய்ய இயலாது, அதற்கு மேலானது தேவையுமில்லை. 2003 இல் அதே வாசர், அதே கைத்திறன். ஆனால் எதிரே கடுகி வரும் பஸ்கள், மாத்தளைக்கு அப்பால் மலையிறக்கம், பின்னிருக்கையில் வயதான தாய். பொருள் மாறவில்லை; அது தாங்கவேண்டிய சுமை மாறிவிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் நாம் பழகிய பதிலிப் பழக்கம், தட்டுப்பாடு நீங்கியபின்னரும் நம் கைகளை விட்டு அகலவில்லை. அதனைத் திறமை என்று பெருமைப்படுகின்றோம், ஆம், திறமையே. ஆனால் எவ்விடத்தில் அதனை நிறுத்துவது என்பதைக் காரின் கீழே படுத்திருப்பவன் தானே முடிவு செய்யவேண்டும். ஒட்டுத்தாளுக்குக் கலண்டர் மட்டையை நான் இன்றும் பயன்படுத்துவேன். பிறேக்குக்கு இல்லை.

இவ்வளவையும் அண்ணையிடம் சொன்னேன்; இத்துணை ஒழுங்காகச் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் வாசரை விரலாற் சுழற்றிக்கொண்டிருந்தார். "சரி, எடும். ஆனால் அண்டைக்கு உது இல்லாட்டி?" என்றார். அவ்வினாவுக்கு விடை இல்லை. இரவு நாவற்குழியில் நாங்கள் தள்ளிய காரை ஒவ்வொரு முறையும் நிறுத்தியவை அவ்வாசர்களே.

லண்டனில் வாழும் என் வகுப்புத் தோழர் ஒருவர், இவ்வகைக் கார் உடையோர் அங்கு நடத்தும் சங்கத்தின் மூலம் புதிய வாசர்களை வாங்கினார். துருக்குழி விழுந்த சிலிண்டர்களையும் தபாலிற் பெற்று, துருப்பிடியா உருக்கினால் உட்குழாய் இடுவித்து, விடுமுறைக்கு வந்தபோது காற்சட்டைகளுக்கிடையே சுற்றிக்கொண்டுவந்தார். விமான நிலையத்தில் அவற்றை விளக்க அவர் பட்ட பாட்டை அவரே எழுதவேண்டும். பூட்டும்போது அண்ணையே வந்து நின்றார். பெடலை மிதிக்க என் மனைவி. சில்லருகே நானும் அவரும். காற்றுக் குமிழிகளை வெளியேற்றும் வேலைக்கு இருவர் இசைந்து இயங்கவேண்டும். மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லிலே தொடங்கி, "மிதி" என்றால் மிதித்துப் பிடிக்க, நாம் திருகைத் திறந்து மூட, "விடு" என்றபின்னரே அவர் காலெடுக்கவேண்டும். முப்பது ஆண்டு ஆசிரியப் பணி ஆற்றிய ஒருவரை இவ்வாறு ஏவுவது எளிதன்று. மாலைக்குள் பெடல் கல்லைப்போல் நின்றது.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நீர் சேர்ந்த ஒயில் நீண்ட இறக்கத்திற் கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பெடல் தரைமட்டும் செல்லும். ஆகையால் ஈராண்டுக்கு ஒருமுறை, மாரி கழிந்தபின் முழுவதையும் மாற்றுவேன். திறந்த பேணியில் மிஞ்சியதை வைத்திருப்பதில்லை. இன்னொன்று: இவ்வாசர்களை எஞ்சின் எண்ணெயாலோ மண்ணெண்ணெயாலோ கழுவலாகாது. சொல்லி நம்பாத என் பேரனுக்காக, பழைய வாசர் ஒன்றை எஞ்சின் எண்ணெயிலும் மற்றொன்றைப் பிறேக் ஒயிலிலும் இரு கோப்பைகளில் ஒரு வாரம் ஊறவிட்டேன். முன்னது ஊதிப் பருத்து, சிலிண்டருள் நுழையாதாயிற்று, பின்னது மாறவில்லை. அவன் இரண்டையும் கல்லூரிக்குக் கொண்டுசென்று விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டினான்.

பேராதனைக்கு அவ்வாண்டே சென்றுவந்தோம். மாத்தளையிலே நிறுத்தி, பிறீவீலைப் பூட்டி, எஞ்சினும் பிறேக்கும் சேர்ந்து சுமக்க ஏறி இறங்கினோம். தாயார் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டு வந்தார்.

ஏனையவற்றை விரைந்து கூறுகின்றேன். இக்காரிற் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைவது. இன்றைய கார்களில் மறைமுனை. ஒரு கராஜில் இதனை அறியாது மாற்றிப் பூட்டி, புதிய வானொலிப் பெட்டி ஒன்றைப் புகையாக்கினர். அதன்பின் பற்றறிமேற் சிவப்பு மையால் எழுதி ஒட்டியுள்ளேன். தோலிருக்கைக்குத் தேங்காயெண்ணெய் பூசுமாறு கூறுவோரை நம்பவேண்டாம். சிலநாள் மினுங்கும், பின் சிக்கு நாறி எறும்பு வரும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களுக்குப் பெருவிலை ஏறியது. கொழும்பிலிருந்து இருவர் வந்து கேட்டுச் சென்றனர். 2022 இற் பெற்றோலுக்கு நெடுவரிசை நின்றபோது, இருவழிக் குழாய்த்திருகை மறுபடி பூட்டலாமே என்றார் சிலர். அவ்வேளை மண்ணெண்ணெயும் அரிதாயிருந்தமையால் அப்பேச்சு அத்துடன் நின்றது. திருகு இன்றும் இழுப்பறையிலேதான் உள்ளது. அண்ணை அரிந்த வாசர் நான்கும் அதனருகே உள்ளன. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் கராஜ் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை.

பக்க வால்வுகளை மூடும் தகட்டிலிருந்து இவ்வாண்டும் எண்ணெய் கசிகின்றது. கலண்டர் மட்டையிற் புதிய ஒட்டுத்தாள் வெட்டியாயிற்று. மழை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை வேண்டும். பேரனுக்குச் சோதனை முடியட்டும் என்று காத்திருக்கின்றேன்.